எட்டு விழுந்தால்

— அப்ப போன வாரம் வாட்ஸாப் குரூப்புல வந்த வாய்ஸ் நோட்டெல்லாம் யாரு போட்டது, கௌசல்யாக்கா? நம்ம கேமோட புது எடிஷன் தயிர்சோத்துல தண்ணிய ஊத்திக் கலக்கிவிட்ட மாதிரி இருக்குன்னு சொன்னது உங்க கொரலுதானே?

— என் கொரலுதான். அதுக்கென்ன இப்ப? மனசு மாறக் கூடாதா?

— நம்மகூட ஆடுன முகேஷ்குமார் மாறலாம், அவன் மாசத்துக்கு ஒரு கட்சி. நீங்க மாறலாமா? கணக்கு டீச்சர் நீங்க. புது எடிஷன்ல டைஸ் கணக்கு எங்க இடிக்குதுன்னு ஸ்கூல் போர்டுல எழுதி போட்டோ எடுத்துப் போட்டீங்க. சென்னைக்காரங்க இன்னும் அத வச்சு அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

— ஏனுங்க ரீனா, நானும் இதயேதான் காலையில இருந்து கேக்கறன். திண்டுக்கல்லுல வண்டிய எடுத்ததுல இருந்து இங்க சின்னாளப்பட்டி வந்து சேர்ற வரைக்கும் கேட்டனுங்க. இவ பஸ்ஸுல போலாம்னா, நான் சரிங்கல. அதுக்கப்புறம் பின்னாடி உக்காந்துக்கிட்டு ஒரே பாட்டு. புது எடிஷனே ஆடலாம், இன்னைக்கே மாறலாம்.

— பழனிக்குமாரண்ணே, வீட்டுல ஏதும் சண்டையா?

— சண்டை போட்டாத்தான் தேவலைங்களே. பேச்சாவது இருக்கும்.

— எங்க வீட்டுப் பேச்சு எதுக்கு இங்க? ரீனா, நீதான விளக்கு. நீ தீர்ப்பச் சொல்லு.

— விளக்காம் விளக்கு. கதை சொல்றவளுக்கு அந்த வெள்ளக்காரன் புக்குல அப்படி ஒரு பேர வச்சுட்டான், நானும் தலையில வச்சுக்கிட்டுத் திரியுறேன். கதையும் சொல்லணும், ரூலும் பாக்கணும், எந்தக் கட்சியும் சேரக் கூடாது. ஞாயித்துக்கெழம மத்தியானம் இந்த ஜெராக்ஸ் கடை ஷட்டரப் பாதி இறக்கிட்டேன்னா, தொறக்குற வரைக்கும் நான் உங்களுக்குத் தங்கச்சி இல்ல, நடுவர். வரிசையா வாங்க. அண்ணே, நீங்க ஏன் பழசு?

— பழசுன்னு சொல்றதே எனக்குப் புடிக்கலைங்க. 'கிரே லாந்தர்ன்'னா அது இந்த ரெண்டாம் எடிஷன்தான். மூணாவதா வந்திருக்கறது வேற ஏதோ ஒண்ணு, அட்டையில அதே பேரப் போட்டுக்கிட்டு வந்திருக்குது. படமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, பெரிய வீட்டுக் கல்யாணப் பத்திரிகையாட்டம். உள்ள பாருங்க. வெட்டுப்பட்டு விழுந்தவன் ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சா எல்லாம் ஆறிப் போயிருதாம். எங்க ஆயக்குடியில வேலி முள்ளு கிழிச்சாலே ஒரு வாரம் காந்துதுங்க.

— நாலு பேரு ஞாயித்துக்கெழம சிரிச்சுப் பேசி ஆடிட்டுப் போகட்டும்னு மாத்தியிருக்காங்க. எல்லாரும் உங்கள மாதிரி ஒரே ஆளக் கட்டிக்கிட்டு மூணு வருசமா அழுவாங்களா?

— அப்ப நீ ஆடற காந்தள் யாரு? மூலிகைப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, மூணு வருசமா என்ற வல்லான் பின்னாலயே நடந்து வந்தவ யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?

— ஆகா, இதக் கேட்டா முகேஷ் விழுந்து விழுந்து சிரிப்பான்.

— அந்தப் பய ஏன் இன்னைக்கும் வரல?

— அவன் கதை தெரியாதா அக்கா? பழைய எடிஷன் ஆடுறவங்கெல்லாம் பழங்கஞ்சின்னு ஒரு மெசேஜப் போட்டுட்டு குரூப்ப விட்டுப் போனான். யாரும் கண்டுக்கல. செத்த நேரத்துல திரும்ப வந்து சேந்து, நான் போயிட்டேன், கவனிச்சீங்களான்னு கேட்டுட்டு மறுபடியும் போனான். இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில புது எடிஷன்காரங்களோட ஆடுறானாம்.

— போகட்டும். ஆனா அவன் சொன்னதுல ஒண்ணு சரி. கம்பேனியன் ரூலத் தூக்குனது நல்லதுதான்.

— வந்திருச்சு பாருங்க. இதுக்குத்தாங்க இம்புட்டு நேரம் சுத்திச் சுத்தி வந்தா.

— அக்கா, கம்பேனியன் ரூலத் தூக்கிட்டாங்கன்னு குரூப்புலயே மொத ஆளாக் கொடி புடிச்சது நீங்க. வழியில கெடைக்கிற ஒரு ஆள நம்ம கேரக்டர் கூடவே வச்சுக் காப்பாத்தலாம்கிறது உலகத்துல வேற எந்த கேம்லயும் இல்ல, இந்த கேமுக்கு உசுரே அதுதான்னீங்க. அவங்க கம்பெனிக்கே மெயில் போட்டீங்க.

— போட்டேன். இப்ப இல்லங்குறேன். ஒரு சின்ன உசுரக் கூட்டிக்கிட்டே திரியணும். அதுக்குச் சோறு இருக்கா, தூங்குச்சா, காய்ச்சலான்னு வாராவாரம் உருட்டணும். ஆட்டம் எங்க நகருது? எத்தன ஞாயிறு அந்தப் புள்ளைக்குச் செருப்பு தேடியே போச்சுன்னு நீயே சொல்லு.

— செருப்பு தேடுன ஞாயிறு மாதிரி ஒரு ஞாயிறு எனக்கு வாய்க்கலைங்க.

— அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்க. நான் நடந்தத நேராச் சொல்றேன். போன ஞாயித்துக்கெழம எங்க நிறுத்துனோம்? சதுப்புல. வல்லான் முதுகுல இருந்த துணைப் புள்ள தமிழ்மதிய நீர்ப்பாம்பு கொத்திருச்சு. ரெண்டாம் எடிஷன் ரூல்படி இன்னைக்கு ஆட்டம் தொடங்குறதே அதுலதான். பன்னெண்டு முக டைஸ், ஒரே உருட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தவரு கையால. எட்டு விழுந்தா, இல்ல எட்டுக்கு மேல விழுந்தா, பொழச்சுக்கும். அதுக்குக் கீழன்னா இல்ல. மருந்து செல்லாது, மந்திரம் செல்லாது, மறு உருட்டும் கெடையாது.

— பன்னெண்டுல அஞ்சு. பாதி கூட இல்ல.

— அந்த அஞ்சு இருக்குதுல்ல.

— அந்தப் பக்கம் ஏழு இருக்குங்க.

— கணக்கு பின்னால பாத்துக்கலாம். மூணாம் எடிஷனுக்கு மாறுனா என்னன்னும் சொல்லிர்றேன். உருட்டே கெடையாது. புக்கோட பின்பக்கத்துல ஒரே ஒரு வரி போட்டிருக்காங்க. தமிழ்ல சொன்னா இப்படி வரும். 'பழைய கதையைத் தொடர விரும்புகிறவர்கள், தங்களுடன் வந்த துணையை, அடுத்து எதிர்ப்படும் ஊரில் நல்லவர்கள் சிலரிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கொள்ளவும்.' அம்புட்டுதான்.

— கொள்ளவும்.

— ஆமாண்ணே.

— யாருங்க அந்த நல்லவங்க? பேரு என்னங்க? எந்த வீதி? அந்தப் புள்ளைக்கு இருட்டுன்னா பயம்னு அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க? ராத்திரி என்ற காதப் புடிச்சாத்தான் தூங்கும், அது அவங்களுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சுக்கிருவாங்க. எங்கயோ ஒரு ஊர்ல இருப்பா, யாரோ சோறு போடுவாங்க, வளருவா. நம்ம கண்ணுல படலன்னாலும் இருப்பா. சாகுறதுக்கு அது மேலு இல்லையா?

— இல்ல கௌசி.

— எப்படி இல்ல?

— செத்தாத் தெரியும். இதுல ஒண்ணுமே தெரியாது. கதவச் சாத்திட்டு, உள்ள நல்லா இருக்குறதாகக் கொள்ளவும்னு சொல்றாங்க. அத நான் நம்பிட்டு வீட்டுக்குப் போயிச் சோறு திங்கோணும்.

— அப்ப சாகட்டும்கிறீங்க.

— சாகட்டும்னு நான் சொல்லல. உருட்டறன்னு சொல்றன்.

— ரெண்டும் ஒண்ணுதான். பன்னெண்டுல ஏழு தடவ ரெண்டும் ஒண்ணுதான்.

— ஏம்மா, கடை இருக்கா? ஆதாரு ரெண்டு காப்பி எடுக்கணும்.

— இன்னைக்கு லீவுண்ணே. நாளைக்கு வாங்க.

— ஷட்டர் பாதி தொறந்திருக்கே. யாருக்கும்மா உடம்பு சரியில்ல? புள்ள பொழைக்குமான்னு பேசிக்கிட்டு இருந்தீங்க, ரோட்டு வரைக்கும் கேக்குது. ஆட்டோ ஏதும் கூப்பிடவா?

— அது விளையாட்டுண்ணே. நெசம் இல்ல.

— வெளையாட்டா? நல்லா வெளையாண்டீங்க போங்க.

— பாத்தீங்களாக்கா? ஊரே கூடிரும் போல இருக்கு. அண்ணே, ஒண்ணு பண்ணுங்க. முக்குக் கடையில மூணு டீ வாங்கியாங்க. நடந்து போயிட்டு வந்தா உங்களுக்கும் சூடு தணியும்.

— சரிங்க. இந்த டைஸ என்ற பையில வச்சுக்கறன். வந்து உருட்டறன்.

— எனக்கு டீ வேணாம்.

— பாலு வாங்கியாறன்.

— ஷட்டர் தட்டப் போகுது, குனிஞ்சு போங்கண்ணே. போயிட்டாரு. இப்பச் சொல்லுங்கக்கா. வெறும் ரூலுக்காக நீங்க இப்படி மல்லுக்கட்ட மாட்டீங்க.

— அவளுக்கு அந்தப் பேர யாரு வச்சது ரீனா?

— தமிழ்மதின்னா? அண்ணன்தான். நீங்க ரெண்டு பேரும் மொத மொத ஆட வந்த அன்னைக்கு. எரிஞ்சு போன உப்பளத்து ஊர்ல, கடைசி வீட்டு வாசல்ல ஒரு புள்ள தனியா உக்காந்திருக்குன்னு சும்மா ஒரு வரி சொன்னேன். அடுத்த வாரமே மறந்துருவாங்கன்னு நெனச்சேன். அண்ணன் அவ பேரு என்னன்னு கேட்டாரு. எனக்கே தெரியாது, நீங்களே வைங்கன்னேன். யோசிக்கவே இல்ல, டக்குன்னு சொன்னாரு. நீங்க போன் வருதுன்னு எந்திரிச்சு வெளிய போனீங்க.

— போன் வரல.

— பின்ன?

— அது எங்க புள்ளைக்குன்னு எடுத்து வச்ச பேரு. கல்யாணமான புதுசுல, பழனியில இருந்து திரும்பி வர்றப்ப, பஸ்ஸுல நின்னுக்கிட்டே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணோம். ஆம்பளப் புள்ளைன்னா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் பேசல. பொண்ணுன்னா தமிழ்மதி. எங்க அம்மாகிட்டக் கூடச் சொல்லல. மொத தடவ ரெண்டாம் மாசத்துலயே கலைஞ்சிருச்சு. அடுத்தது அஞ்சாம் மாசம் வரைக்கும் தங்குச்சு. பொண்ணுதான்னு அப்புறம் ஒரு நர்சம்மா சொன்னுச்சு. அது ஏன் சொல்லணும், சொல்லாம இருந்திருக்கலாம்.

— மாதாவே. எனக்குத் தெரியாதுக்கா. பரீட்சை பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வந்தப்ப உடம்பு சரியில்லன்னீங்க. அதனாலதான் ஞாயித்துக்கெழம வாங்க, மனசு மாறும்னு கூப்பிட்டேன்.

— வேற என்னன்னு சொல்ல? அந்த ஞாயித்துக்கெழமதான் வந்தோம். உக்காந்து கொஞ்ச நேரம்கூட ஆகல, அந்தப் பேரத் தூக்கி உன் கதைக்குக் குடுத்துட்டாரு. வீட்டுல இருந்த எல்லாத்தையும் ஒழிச்சுப் போடுற மாதிரி. இனிமே நமக்கு இல்லன்னு இவரு முடிவு பண்ணிட்டாருன்னு எனக்கு அங்கயே விளங்கிப் போச்சு.

— அவருகிட்டக் கேட்டீங்களா?

— கேக்கல. கேட்டா ஆமாம்னு சொல்லிட்டாருன்னா?

— மூணு வருசமாவாக்கா?

— மொதல்ல அந்தப் பேர நீ சொல்றப்பல்லாம் எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் போகல. அப்புறம் எனக்கும் ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு ஆகிப்போச்சு. செருப்பு தேடுன அன்னைக்குச் சந்தையில பேரம் பேசுனது யாரு? காந்தள்தான. கம்பேனியன் ரூலத் தூக்கக் கூடாதுன்னு நான் கத்துனது கணக்குக்காகன்னு நெனச்சியா?

— அப்புறம் ஏன் இன்னைக்கு மட்டும் இப்படி?

— அந்தப் பேரோட ஒரு புள்ள இப்பச் சாகக் கூடாது. வேற எப்பயாச்சும்னா உருட்டுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். இப்ப வேணாம். நீ விளக்குதான, ஏதாச்சும் பண்ணு. ரூல மறந்து போச்சுன்னு சொல்லு. புக்கு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு.

— இப்ப ஏன் கூடாது? அதச் சொன்னாத்தான எனக்கு...

— செருப்புச் சத்தம் கேக்குது. எதுவும் கேக்காத, தாயி.

— புடிங்க. பாலு ஆறிப் போயிரும் கௌசி, சூடாக் குடி. நான் போனதும் என்னங்க பேச்சு?

— ஒண்ணுமில்லண்ணே. நானும் யோசிச்சேன். இன்னைக்கு மனசு யாருக்கும் சரியில்ல. வேற ஏதாச்சும் சின்னதா ஆடுவோமா? வல்லானோட வாலிப காலத்துக் கதை ஒண்ணு வச்சிருக்கேன்.

— விளக்கு மழுப்புதுங்க.

— மழுப்பல. தள்ளி வைக்கலாம்னு...

— எவ்வளவு நாளைக்குங்க? ஒரு வாரமா அந்தப் புள்ள என்ற முதுகுலயே கெடக்குது. நான் கடையில பைப்பு அறுக்கறப்பவும் கெடக்குது. சாப்பிடறப்பவும் கெடக்குது. கொத்துபட்ட புள்ளைய அப்படியே சதுப்புல நிறுத்தி வச்சுட்டு வேற கதை ஆடறதுங்களா?

— ஏங்க, அது ஒரு டைஸுதான. அதுக்குப் போயி...

— டைஸுதான். ஆமா. எனக்கு அது வேணும். நீ ஆஸ்பத்திரியில உள்ள இருந்த அன்னைக்கு நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தன். யாரோ ஒருத்தரு வந்தாரு. கையெழுத்துப் போடுங்கன்னாரு. எதுக்குங்கன்னு கேட்டன். முடிஞ்சிருச்சுன்னாரு. எப்ப முடிஞ்சுது, எப்படி முடிஞ்சுது, ஒண்ணும் தெரியாது. ஒருத்தரும் என்ற கையில ஒரு டைஸக் குடுத்து, பழனிக்குமாரு, இத உருட்டு, எட்டு விழுந்தா உன்ற புள்ள பொழச்சுக்கும்னு சொல்லல. ஏழு பங்கு போகும், அஞ்சு பங்கு நிக்கும்னு சொல்லியிருந்தாக்கூட உருட்டியிருப்பன். பன்னெண்டுல ஒண்ணுன்னு சொல்லியிருந்தாலும் உருட்டியிருப்பன். குடுக்கலையே.

— நீங்க... இத எங்கிட்டச் சொன்னதே இல்ல.

— எங்க போயிச் சொல்றது? நீயே செவுத்தப் பாத்துப் படுத்திருந்த.

— நான் உள்ள இருந்தேங்க. எனக்கு மட்டும் குடுத்தாங்களா?

— இல்ல.

— மயக்கம் தெளிஞ்சப்ப உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். நீங்க ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. இவருக்கு நம்ம மேல கோவம்னு நெனச்சுக்கிட்டேன்.

— கோவமா? உன்மேலயா?

— அப்புறம் வந்த ஞாயித்துக்கெழம அந்தப் பேரத் தூக்கி இங்க குடுத்துட்டீங்க. நான் வேற என்ன நெனைக்க?

— அண்ணே, அக்கா, நான் வேணும்னா வெளிய நிக்கட்டுமா?

— இருங்க ரீனா. நீங்க இருந்தாத்தான் எங்களுக்குப் பேச வருது. கௌசி, அந்தப் பேர நான் குடுக்கல. கூப்பிடறதுக்கு வச்சன்.

— என்னது?

— கூப்பிடறதுக்கு. அந்தப் பேர வேற எங்க போயிக் கூப்பிடட்டும்? வீட்டுல சொன்னா நீ தாங்க மாட்ட. கடையில சொன்னாப் பைத்தியம்பாங்க. வண்டியில தனியாப் போறப்ப ரெண்டொரு வாட்டி சொல்லிப் பாத்தன், வாய்க்குள்ளயே நின்னுக்கிச்சு. இங்க வந்தா, மதி, இங்க வா, மதி, தண்ணிகிட்டப் போகாத, தமிழ்மதி, தூங்குனியான்னு வாராவாரம் வாய் நெறையாக் கூப்பிட்டுக்கறன். ரீனாவும் அவ கொரல்ல 'என்னய்யா'ன்னு கேக்கறாங்க. அது போதும்னு இருந்தன்.

— சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை.

— நீ கேட்டிருக்கலாம்.

— ஆமா. கேட்டிருக்கலாம்.

— இப்ப அவங்க ஏதோ ஒரு ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஆட்டம் மெதுவாப் போகுதுன்னு ஒரே வரியில அவளத் தூக்கிட்டாங்க. ஒப்படைச்சுட்டதாகக் கொள்ளவும். அந்த ஆஸ்பத்திரிக்காரரும் அப்படித்தாங்க பேசுனாரு. அதனால உருட்டறன். எட்டு விழுந்தா முதுகுல போட்டுக்கிட்டு நடக்கறன். விழலன்னா, என்ற கையால போனான்னு ஒரு குழி தோண்டிப் பொதைக்கறன். அதுக்கப்புறமேலுக்கு நீ எந்த எடிஷன் சொன்னாலும் ஆடறன். ரீனா, விளக்க ஏத்துங்க. எப்பயும்போல முழுசாச் சொல்லுங்க.

— அக்கா?

— சொல்லு. நானும் கேக்குறேன்.

— 'சதுப்பைக் கடந்ததும் வல்லான் நின்றான். முதுகில் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்க்க அவனுக்குக் கை வரவில்லை. வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள். அது என்ன பறவை, இது யாருடைய வயல், நாம் எப்போது போய்ச் சேருவோம். வெகு நேரமாக ஒரு கேள்வியும் வரவில்லை. வாளோடு வந்தவர்கள் எத்தனையோ பேரை அவன் வழியனுப்பியிருக்கிறான். அவர்களில் யாரும் அவன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கியதில்லை. காய்ந்த கோரைப்புல்லின் மேல் அவளைக் கிடத்தினான். உதடு நீலம் பாரித்திருந்தது. போன சந்தையில் வாங்கிய செருப்பில் ஒன்று சதுப்போடு போய்விட்டதை அப்போதுதான் பார்த்தான். அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றித் துடைத்துப் பக்கத்தில் வைத்தான். காந்தள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் தோளில் மூலிகைப் பை இருந்தது, அதைத் திறப்பதில் பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர்களுக்கு நடுவில் அந்தச் சின்ன மூச்சு, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி, வந்து போய்க்கொண்டிருந்தது. வல்லான் குனிந்து அவள் பெயரைச் சொன்னான்.'

— தமிழ்மதி.

— 'பதில் வரவில்லை.'

— தமிழ்மதி, கண்ணு. இங்க பாரு. ஐயன் இங்கதான் இருக்கறன்.

— 'இமை அசைந்தது. அவ்வளவுதான்.' அண்ணே, என்னால முடியல.

— சொல்லுங்க ரீனா. இடையில விடக் கூடாது.

— வல்லா, பொறு. நான் காந்தள் பேசுறேன். அவள இப்படியே தூக்கிக்கிட்டு நடப்போம். உருட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். மூச்சு இருக்குற வரைக்கும் நடப்போம். இருட்டுறதுக்குள்ள ஏதாச்சும் ஒரு ஊரு வரும். அங்க நல்லவங்க இருப்பாங்க.

— நடந்து நடந்து எங்க போறது காந்தள்? விஷம் நம்மகூட நடந்து வருமே.

— இன்னும் கொஞ்ச தூரம். ஒரு ஏழெட்டு மாசம் மட்டும்.

— ஏழெட்டு மாசமா? சதுப்புல அடுத்த ஊருக்கு ஒரு நாள் நடைதான. கௌசி, இது காந்தள் பேசறதா, நீ பேசறதா?

— தெரியல.

— அழுகாத. சேலைத் தலைப்பால தொடச்சுக்க. எனக்கும் இது ஒண்ணும் சுகமில்ல. ஆனா பாதியில விட்டா இனிமே அவ பேரக் கூப்பிட எனக்கு வாய் வராது. பாரு, டைஸ் கையிலதான் இருக்குது. விளக்கு, உருட்டட்டுமா?

— நான் சொல்ல மாட்டேண்ணே. இந்த ஒண்ணுக்கு விளக்கு தீர்ப்புச் சொல்லாது. அக்கா சொல்லட்டும்.

— கௌசி?

— உருட்டுங்க. நான் இனி தடுக்கல.

— நெசமாவா?

— நெசமாத்தான். அதுக்கு முன்னால எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அவளுக்கு வேற பேரு ஏதாச்சும் வச்சிட்டு உருட்டுங்க. இந்தப் பேரு, வர்ற ஆனியில நமக்கு வேணும்ங்க.